யான் ஃப்ரீதின் ‘சில்வா’: மூல ஒபரெட்டாவுக்கு எவ்வளவு நெருக்கம்?

கேள்வி இது: “1981-இல் லெனின்கிராடில் எடுத்த ‘சில்வா’ என்ற தொலைக்காட்சி இசைப்படத்தைப் பார்த்தேன். ஒரு பழைய ஒபரெட்டாவுக்குச் செலுத்திய மரியாதை என்று சொல்கிறார்கள். மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது? இளவரசர் வீட்டுக் கல்யாணக் கதையை சோவியத் தொலைக்காட்சி ஏன் எடுத்தது? பாட்டெல்லாம் பிடித்தது, கதைதான் ரொம்ப லேசாகப் பட்டது.”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை மாறவில்லை. இசை கால்மான் இம்ரேயுடையது. பாத்திரங்களின் பெயர்களும் வசனமும் ரஷ்ய மேடையில் பல பத்தாண்டுகள் புழங்கிய வழக்கத்திலிருந்து வந்தவை. கதை லேசாகப் பட்டதில் உங்கள் மேல் குறை இல்லை, அப்படிப் படும்படிதான் அதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் கதை நிஜமாகவே வலிக்கும். அந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டால் மொத்தப் படமும் சட்டைமடிப்பும் ஷாம்பெய்னுமாகக் கடந்து போய்விடும். படத்தின் இயக்குநர் யான் ஃப்ரீத் அந்த இடத்தைப் புரிந்துகொண்டு எடுத்தவர். அதனால்தான் இந்தப் படத்தை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

ஒபரெட்டா பற்றி ரெண்டு வார்த்தை. ஒபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஒபரெட்டாவில் வசனம் உண்டு, நகைச்சுவை உண்டு, நடனம் உண்டு, நடுநடுவே பயிற்சி பெற்ற குரல் தேவைப்படும் பெரிய பாடல்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் ஓஃபென்பாக் இதைப் பிரபலமாக்கினார். வியன்னாவில் யோஹான் ஸ்ட்ராஸ் 1874-இல் ‘வௌவால்’ என்ற ஒபரெட்டாவை மேடையேற்றினார். 1905-இல் லேஹாரின் ‘உல்லாச விதவை’ வந்தது. அதற்கு அடுத்த பெரிய அலைதான் கால்மான். பாட்டால் கதை நகர்வது நமக்குப் பழக்கமான சங்கதி என்பதால் தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த வடிவம் அந்நியமாகத் தெரியாது.

மூலத்தின் பெயர் ‘சார்டாஷ் இளவரசி’. சார்டாஷ் என்பது ஹங்கேரிய நடனம். மெதுவாக, ஏக்கத்தோடு ஆரம்பித்து, திடீரென்று வேகம் பிடித்துச் சுழலும். லியோ ஸ்டெய்ன், பேலா யென்பாக் என்ற இருவர் வசனமும் பாடல் வரிகளும் எழுதினார்கள். வியன்னாவின் யோஹான் ஸ்ட்ராஸ் அரங்கில் 1915 நவம்பர் 17 அன்று முதல் காட்சி. தேதியைக் கவனியுங்கள். முதல் உலகப்போர் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போது கதை. புடாபெஸ்டில் ஒரு காபரே அரங்கம், குடித்துக்கொண்டே பாட்டும் ஆட்டமும் பார்க்கிற இடம். அங்கே நட்சத்திரப் பாடகி சில்வா வாரெஸ்கு. அமெரிக்கப் பயணத்துக்கு முன் அன்று அவளுடைய பிரியாவிடை நிகழ்ச்சி. வியன்னா இளவரசர் குடும்பத்துப் பையன் எட்வின் அவளைக் காதலிக்கிறான். குடும்பம் அவனுக்கு உறவுக்காரியான ஸ்டாசி என்ற பெண்ணைப் பேசி வைத்திருக்கிறது. காபரேயில் பாடும் பெண்ணை மருமகளாக ஏற்க அவர்கள் தயாரில்லை. எட்வின் ஒரு நோட்டரியைக் கூப்பிட்டு, எட்டு வாரத்துக்குள் சில்வாவைக் கட்டிக்கொள்வதாக எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிறான். அதே இரவில் அப்பாவின் ஏற்பாட்டால் படைப்பிரிவுக்குத் திரும்பும்படி அவனுக்கு உத்தரவு வருகிறது. அவன் போன பிறகு அவனுடைய நிச்சயதார்த்த அழைப்பிதழ் சில்வாவின் கைக்குக் கிடைக்கிறது. அவள் நண்பன் போனியோடு அமெரிக்கா கிளம்பிவிடுகிறாள்.

இரண்டாம் அங்கம் வியன்னாவில், எட்வினின் வீட்டில். ஒப்பந்தத்தின் எட்டு வாரம் முடிகிற நாள். நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கிறது. கோமான் போனியின் மனைவி என்று சொல்லிக்கொண்டு சில்வா உள்ளே வருகிறாள். எட்வினுக்குப் பழைய காதல் பொங்குகிறது. போனியோ ஸ்டாசியைப் பார்த்த நொடியில் மயங்கிவிடுகிறான். இதுவரை எல்லாம் கலகலப்பு.

நான் சொன்ன இடம் இங்கேதான் வருகிறது. சில்வா இப்போது ஒரு கோமானின் மனைவி என்று எட்வின் நம்புகிறான். விவாகரத்து ஆனாலும் கோமாட்டி என்ற பட்டம் இருக்கும், அப்படிப்பட்ட பெண்ணை வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று உற்சாகப்படுகிறான். அவன் அதைச் சந்தோஷமாகச் சொல்கிறான், அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் அவளைக் குத்துகிறது. இன்னொருவனோடு வாழ்ந்து பிரிந்த கோமாட்டி பரவாயில்லை, மேடையில் பாடிப் பிழைத்த சில்வாவாக இருந்தால் மட்டும் கூடாது. அவள் எல்லார் முன்னாலும் தான் யார் என்று சொல்லி, அந்த ஒப்பந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியேறுகிறாள்.

காதல் கதைகளில் காதலன் ஏமாற்றுவான், அல்லது பயந்து ஒதுங்குவான். எட்வின் ரெண்டும் செய்யவில்லை. அவன் அவளை நிஜமாக விரும்புகிறான். ஆனால் அவளுடைய தகுதியை அளக்க அவன் குடும்பத்தின் படிக்கல்லையே எடுத்து வைக்கிறான், அதை எடுத்தது அவனுக்கே தெரியவில்லை. மேடையில் இந்தத் தருணம் கூட்டுப்பாடலுக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவே நடப்பதால் பின்வரிசையில் இருப்பவருக்குத் தவறிப்போகலாம். தொலைக்காட்சிப் படத்தில் முகம் அருகில் வருகிறது. ஃப்ரீதின் படத்தில் சில்வாவாக வரும் ழான்னா க்ளேபவா ஒபரெட்டா மேடைப் பாடகி. பெரிய பாட்டுக்குத் தேவையான உடம்பும் மூச்சும் அவரிடம் இருக்கின்றன. மறுபடியும் பார்த்தால் எட்வின் பேசும்போது அவனைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள்.

மூன்றாம் அங்கம் ஒரு ஹோட்டலில். எட்வினின் அம்மாவே கல்யாணத்துக்கு முன் காபரே பாடகியாக இருந்தவர் என்ற உண்மை, பழைய ரசிகர் ஃபெரி மூலமாக வெளியே வருகிறது. அப்பாவின் வாய் அடைத்துப் போகிறது, ஜோடிகள் சேருகின்றன. வியன்னா ஒபரெட்டாக்களில் மூன்றாம் அங்கம் பொதுவாகவே மெலிந்திருக்கும், கதையை முடித்துவைக்க மட்டும் வரும். இதுவும் அப்படித்தான். படத்தின் கடைசிப் பகுதி உங்களுக்குத் தொய்வாகத் தெரிந்திருந்தால் காரணம் மூலத்திலேயே இருக்கிறது.

ஆனால் அந்த மூன்றாம் அங்கத்தில் ஒரு மூவர் பாட்டு உண்டு, “யாய் மமாம்” என்று ஹங்கேரிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுத் தொடங்கும். ஜெர்மன் மூலத்தில் அதன் சாரம்: வயலினை எடுத்து வாசி, பணம் என்ன பெரிய பணம், உலகத்தையே விலைக்கு வாங்குகிறேன், இந்தப் பூமி இன்னும் எவ்வளவு காலம் சுற்றும் என்று யாருக்குத் தெரியும், நாளைக்கே காலம் கடந்துவிடலாம். குடித்துக் கூத்தடிக்கிற துள்ளல் பாட்டு. 1915 நவம்பரில், பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும்? மேடையில் எட்வினைப் படைப்பிரிவுக்குக் கூப்பிடுவது ஒரு குடும்பச் சூழ்ச்சி. அரங்கத்துக்கு வெளியே அந்தக் கூப்பிடுதலுக்கு வேறு அர்த்தம் இருந்தது. கால்மான் இதை எழுத ஆரம்பித்தது போருக்கு முன்னால்தான். எழுதி முடிப்பதற்குள் போரும் வந்தது, அவருடைய சகோதரர் பேலாவும் இறந்துபோனார். இந்த இசையின் கொண்டாட்டத்துக்கு அடியில் ஒரு துயரம் ஓடுவதாக எனக்கு எப்போதும் கேட்கும். அதை வலிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சார்டாஷின் மெதுவான பகுதியிலேயே இருக்கிறது.

கால்மானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1882-இல் பாலடோன் ஏரிக்கரையில் ஷியோஃபோக் என்ற ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பாவின் தொழில் நொடித்துப் போனது. புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் ஹான்ஸ் கோஸ்லரிடம் படித்தார். பின்னாளில் ஹங்கேரியின் பெரிய இசையமைப்பாளர்களான பேலா பார்டோக்கும் ஸோல்டான் கோடாயும் அதே ஆசிரியரிடம் அதே காலத்தில் படித்தவர்கள். அவர்கள் இருவரும் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்தார்கள். கால்மான் வியன்னாவுக்குப் போய், அந்த ஊரின் ஜோடி நடனமான வால்ட்ஸையும் சார்டாஷையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார். இசையில் பெரிய படிப்பு உள்ளவர் என்பது அவருடைய வாத்திய அமைப்பிலேயே தெரியும். சில்வாவின் முதல் பாட்டைக் கேளுங்கள். மலைநாட்டில் பிறந்த பெண் தன் ஊரை நினைத்து மெதுவாக இழுத்துப் பாடுகிறாள், அப்புறம் தாளம் உடைந்து பறக்கிறது. அந்த ஒரே பாட்டில் பாத்திரம் முழுசாக வந்துவிடுகிறது: வெளியே நட்சத்திரம், உள்ளே ஊரை விட்டு வந்த பெண். அதற்கு எதிரே எட்வினோடு பாடும்போது வால்ட்ஸ். இரண்டு நடனங்களும் இரண்டு உலகங்கள். அவள் எந்த நேரத்தில் யாருடைய தாளத்தில் பாடுகிறாள் என்று கவனித்தாலே வசனம் புரியாதவருக்கும் கதை புரிந்துவிடும்.

இனி, இது எப்படி ரஷ்யாவுக்குப் போய் ‘சில்வா’ ஆனது என்ற கேள்வி. போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்த ஒபரெட்டா எல்லை தாண்டிவிட்டது. 1916-இல் புடாபெஸ்டில் ஹங்கேரிய மொழியில் வந்தது. 1917-இல் நியூயார்க்கில் கதையையே மாற்றி, வேறு தலைப்பில், ஜெரோம் கெர்னின் கூடுதல் பாடல்களோடு போட்டார்கள். ரஷ்யாவிலும் அதே காலத்தில் வந்தது. ஆஸ்திரியா அப்போது ரஷ்யாவுக்கு எதிரி நாடு. அதனால் தலைப்பையும் பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றிக்கொண்டார்கள். மூலத்தில் லிப்பெர்ட்-வைலர்ஸ்ஹைம் என்று நீளும் குடும்பப் பெயர் ரஷ்ய மேடையில் வோலாப்யூக் ஆனது. எட்வினின் அம்மா அன்ஹில்டே, யூலியானா ஆனார். 1981 படத்தில் நீங்கள் கேட்ட பெயர்கள் இந்த வழியில் வந்தவை. ஃப்ரீத் புதிதாக மாற்றியது இல்லை. எதிரெதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்ட நாடுகளின் மக்கள் ஒரே மாதங்களில் ஒரே மெட்டுகளை முணுமுணுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

சோவியத் ஆட்சி ஏன் இதை அனுமதித்தது? மேலோட்டமான காரணம் எளிது. வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்ணை, பட்டம் தவிர வேறொன்றும் இல்லாத குடும்பம் இழிவாகப் பார்க்கிறது, கடைசியில் அந்தக் குடும்பத்தின் பெருமையே பொய் என்று தெரிகிறது. வர்க்க விமர்சனம் என்று கோப்பில் எழுதிக்கொள்ள இது போதும். உண்மையான காரணம் மக்கள்தான். அவர்கள் இந்தப் பாட்டுகளை விடவில்லை.

லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அதற்கு ஒரு ஆழமான காரணமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படைகள் 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை அந்த நகரத்தை முற்றுகையிட்டன. லட்சக்கணக்கானவர்கள் பட்டினியிலும் குளிரிலும் செத்தார்கள். பெரிய நாடக நிறுவனங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டன. இசை நகைச்சுவை அரங்கம் மட்டும் ஊரிலேயே இருந்து முற்றுகைக் காலம் முழுக்க நிகழ்ச்சி நடத்தியது. அதன் கட்டடம் குண்டுவீச்சில் சேதமானதும் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கத்துக்கு இடம் மாறினார்கள். சூடேற்றும் வசதி இல்லாத அரங்கில், ரேஷன் ரொட்டியில் உயிர் பிடித்துக்கொண்டிருந்த நடிகர்கள் கால்மானின் ஒபரெட்டாக்களை ஆடினார்கள், பாடினார்கள். பார்வையாளர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஊரில் ‘சில்வா’ என்ற பெயருக்கு ஒரு எடை உண்டு. கதை லேசு என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

அதே காலத்தில் ஹிட்லரின் ஆட்சியில் கால்மானின் இசைக்குத் தடை. 1938-இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதும் அவர் பாரிஸுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போய்விட்டார். அவருடைய சகோதரிகள் இருவர் நாஜிகளின் கொடுமையில் இறந்தார்கள். பாடல் வரிகளை எழுதியவர்களில் ஒருவரான பேலா யென்பாக் வியன்னாவிலேயே ஒளிந்து வாழ்ந்து 1943-இல் இறந்தார். அதற்கு அடுத்த வருடம், 1944-இல், உரால் மலைப்பகுதியில் புதிதாகத் தொடங்கிய ஸ்வெர்த்லோவ்ஸ்க் படப்பிடிப்பு நிறுவனம் தன் முதல் கதைப்படமாக எதை எடுத்தது தெரியுமா? ‘சில்வா’வைத்தான். இயக்குநர் அலெக்சாந்தர் இவனோவ்ஸ்கி லெனின்கிராடுக்காரர். போர் இன்னும் முடியாத நாட்டில், எதிரி தடைசெய்து வைத்திருந்த இசையில், காபரேயும் விருந்தும் நிறைந்த படம். கறுப்பு வெள்ளைப் படம், வேகமாகப் போகும். போனியாக வரும் செர்கேய் மார்த்தின்சனின் உடம்பு எலும்பே இல்லாததுபோல் வளைந்து ஆடும்.

யான் ஃப்ரீத் 1981-இல் படம் எடுத்தபோது பார்வையாளர்களில் பாதிப்பேருக்கு இந்த 1944 படம் மனப்பாடம், மீதிப்பேருக்கு மேடை வடிவம் மனப்பாடம். கதையில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை மனதில் வைத்தால்தான் படத்தின் நடை புரியும். அவர் திருப்பங்களை ஒளித்து வைக்க மெனக்கெடவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுக்கு எல்லாரும் காத்திருக்கிறார்கள், அது வந்ததும் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார். மரியாதை என்ற சொல் இந்தப் படத்துக்குப் பொருந்துவது இந்த அர்த்தத்தில்தான்.

ஃப்ரீத் அப்போது எழுபதைத் தாண்டியவர். 1955-இலேயே ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தை லெனின்கிராடின் படப்பிடிப்பு நிறுவனமான லென்ஃபிலிமுக்காகப் படமாக்கியிருந்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் தொலைக்காட்சிக்காக இசைப்படங்கள் எடுக்கத் தொடங்கினார். லோபே தே வேகாவின் ஸ்பானிய நாடகத்தை வைத்து எடுத்த ‘வைக்கோல்மேல் நாய்’ பெரிய வெற்றி. அப்புறம் ஸ்ட்ராஸின் ‘வௌவால்’. அதற்குப் பின் இந்த ‘சில்வா’. சோவியத் தொலைக்காட்சி அன்று இப்படிப்பட்ட படங்களை இரண்டு பாகமாக ஒளிபரப்பும். வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே எடுத்தவை. பாடல்களை முன்னதாகவே ஒலிப்பதிவு செய்து, அதற்கு நடிகர்கள் வாயசைப்பார்கள். நம் படங்களில் பார்த்துப் பழகிய முறைதான்.

அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் போனிக்கு விதாலி சலோமினைப் போட்டது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒபரெட்டாவில் பாத்திரங்களுக்கு நிலையான வகைகள் உண்டு. பெரிய குரல் கொண்ட நாயகியும் நாயகனும் ஒரு ஜோடி, அவர்களுக்கு உணர்ச்சியான பாட்டு. துறுதுறுப்பான இளம்பெண்ணும் கோமாளி இளைஞனும் இன்னொரு ஜோடி, அவர்களுக்கு ஆட்டமும் வேடிக்கையும். முதல் ஜோடி அழும், இரண்டாவது ஜோடி சிரிக்க வைக்கும். போனி இந்த இரண்டாவது வகை. மேடையில் அவனைப் பெரும்பாலும் துள்ளிக் குதிக்கும் கோமாளியாகவே ஆடுவார்கள்.

சலோமின் மாஸ்கோ மாலி தியேட்டரின் நாடக நடிகர். அதே ஆண்டுகளில் அதே லென்ஃபிலிம் எடுத்த ஷெர்லக் ஹோம்ஸ் தொலைக்காட்சிப் படங்களில் டாக்டர் வாட்சனாக நடித்துக்கொண்டிருந்தார். வாட்சனிடம் இருந்த அந்த நேர்மையும் மென்மையும் போனியிடமும் வருகிறது. காபரே அழகிகளைப் பற்றிய அவனுடைய பிரபலமான பாட்டில் துள்ளலுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவனைப் பார்க்கும்போது இவன் சில்வாவுக்கு உண்மையான நண்பன் என்று நம்பத் தோன்றுகிறது. இது கதைக்கே உதவுகிறது. போனிதான் அவளை அமெரிக்கா அழைத்துப் போகிறவன், அவளுக்காகக் கணவன் வேஷம் போடுகிறவன், கடைசியில் தந்திரம் செய்து ஜோடியைச் சேர்க்கிறவன். எட்வின் அவளை எந்தக் கண்ணோடு பார்க்கிறான் என்று நான் மேலே சொன்னேன் அல்லவா? போனிக்கு அவளுடைய பட்டம் முக்கியமே இல்லை. இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிய, போனி வெறும் கோமாளியாக இருக்கக்கூடாது. சலோமின் நடித்ததில் எனக்கு மிகப் பிடித்த வேடங்களில் இது ஒன்று.

எட்வினாக வருபவர் லாட்விய நடிகர் இவார்ஸ் கால்னின்ஷ். அழகன், சீருடை அவருக்கு அப்படிப் பொருந்துகிறது. ஆனால் பாத்திரமாகப் பார்த்தால் வெளிறித்தான் இருக்கிறது. ஒபரெட்டா நாயகனுக்குப் பெரிய சுரங்களைப் பிடிப்பதுதான் முதல் வேலை, யோசிப்பது அவ்வளவாக அவன் வேலை இல்லை. மேடையில் உயர்ந்த குரல் அந்தக் குறையை மூடிவிடும். திரையில் முகம் அருகில் வரும்போது குறை தெரிகிறது. பாட்டின் குரல் அளவும் பேச்சின் குரல் அளவும் ஒட்டாத இடங்களும் உண்டு. விருந்துக் காட்சிகளின் அலங்காரம் கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். இதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை, ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு உறுத்தலாம்.

“நினைவிருக்கிறதா” என்று கேட்டுத் தொடங்கும் அவர்கள் இருவரின் ஜோடிப்பாட்டு ரஷ்யாவில் இந்த ஒபரெட்டாவின் அடையாளம்போல ஆகிவிட்டது. பிரிந்தவர்கள் மறுபடி சந்தித்து, முன்பு சந்தோஷமாக இருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளும் பாட்டு. முற்றுகையைப் பார்த்த தலைமுறை 1981-இல் இதைத் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்டபோது, அவர்களுக்கு நினைவுக்கு வந்தவர்கள் சில்வாவும் எட்வினும் மட்டுமாக இருந்திருக்க முடியாது. இது என் ஊகம்தான், ஆனால் அந்தப் பாட்டை ஃப்ரீத் எந்தச் சேட்டையும் இல்லாமல் எடுத்திருப்பதைப் பார்த்தால் அவருக்கும் அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மூலத்தை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் கொஞ்சம் தொனிக்கிறது. அதற்கு ஹங்கேரிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். கால்மான் 1953-இல் பாரிஸில் இறந்தார். அடுத்த வருடமே புடாபெஸ்ட் ஒபரெட்டா அரங்கம் இதைப் புதுப்பித்தது. இஷ்த்வான் பேகெஃபி, தெஜோ கெல்லேர் இருவரும் வசனத்தைத் திருத்தி எழுதினார்கள். அந்த நாட்டின் மாபெரும் ஒபரெட்டா நட்சத்திரம் ஹன்னா ஹொந்தி. அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சில்வாவாக நடிக்க முடியாது. ஆகவே மூலத்தில் சின்னதாக வரும் எட்வினின் அம்மா வேடத்தை அவருக்காகப் பெரிதாக்கினார்கள், பாட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். விளைவு என்ன ஆயிற்று? முன்னாள் காபரே பாடகியான அந்த அம்மாதான் நிகழ்ச்சியின் மையமாகிவிட்டார். பெரும் வெற்றி. ஹங்கேரியில் இன்றும் பலருக்கு அந்த ஒபரெட்டா என்றால் இந்த வடிவம்தான்.

கறாராகப் பார்த்தால் இது மூலத்தை வளைத்தது. ஆனாலும் கதையின் உள்ளே இருந்த ஒரு விதையைத்தான் வளர்த்தார்கள். தான் யார் என்பதை வாழ்நாள் முழுக்க மறைத்த ஒரு பெண், அதையே செய்ய மறுக்கும் இன்னொரு பெண்ணை எதிரே பார்க்கிறாள். மூலத்தில் கடைசி நேர வேடிக்கையாக வந்துபோகும் ரகசியம் இங்கே மனுஷியாகிறது. ஃப்ரீத் இந்த வழியில் போகவில்லை. அவருடைய படத்தில் சில்வாதான் நடுவில், போனி பக்கத்தில். இரண்டுமே எனக்குச் சரியாகப் படுகின்றன. ஆனால் ஒன்று மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கதையின் காயம் சில்வாவுடையது என்பதால் ஃப்ரீத் பக்கம்தான் நிற்பேன்.

1954 மேடை வடிவத்தை இயக்கிய மிக்லோஷ் சினேதாருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அவரே 1971-இல் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்றும் சேர்ந்து தயாரித்த வண்ணத் தொலைக்காட்சிப் படத்தை எடுத்தார். அதில் சில்வா ஆன்னா மோஃபோ, எட்வின் ரெனே கொல்லோ. இருவரும் உலகத் தரமான ஒபராப் பாடகர்கள். பாட்டை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஃப்ரீதின் படத்தைவிட இது மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோஃபோ திரைக்கும் பொருந்துகிறவர். கொல்லோவின் குரலில் எட்வின் பாத்திரத்துக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது. ஜெர்மன் வரிகளை அப்படியே கேட்க இது நல்ல வழி. போனியைப் பொறுத்தவரை என் மனம் சலோமினை விட்டு நகரவில்லை.

அடுத்து என்ன பார்க்கலாம் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் ‘சில்வா’வின் இரண்டாவது அங்கத்தை மட்டும், விருந்து தொடங்குவதிலிருந்து காகிதம் கிழியும் வரை, இன்னொரு முறை பாருங்கள். பிறகு 1971 படம். அதற்கப்புறம் 1944 படம், ஒலி பழையது என்பதைப் பொறுத்துக்கொண்டு. ஃப்ரீதின் கை பிடித்துவிட்டால் அவருடைய ‘வௌவால்’ காத்திருக்கிறது. அதில் விதாலி சலோமினும் அவருடைய அண்ணன் யூரி சலோமினும் ஒன்றாக நடித்திருக்கிறார்கள், அண்ணனைப் பழிவாங்கத் தம்பி திட்டம் போடும் வேடத்தில். கால்மானே இன்னும் வேண்டுமென்றால் ‘சர்க்கஸ் இளவரசி’. அதன் கதையின் பெரும்பகுதி பீட்டர்ஸ்பர்க்கிலேயே நடக்கிறது. 1958-இல் லென்ஃபிலிம் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்ற பெயரில் அதைப் படமாக்கியது. முகமூடி போட்ட சர்க்கஸ் கலைஞனாக எஸ்தோனியப் பாடகர் கியோர்க் ஓட்ஸ் பாடும் முதல் பாட்டுக்காகவே அதைத் தேடிப் பார்க்கலாம்.